ஜான் டோஷாக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரத் பேலைத் தெரியாத கால்பந்து ரசிகர் கிடையாது. அவரைப் பதினாறு வயதில் வேல்ஸ் சட்டை மாட்டி மைதானத்தில் இறக்கியவர் யார் என்று கேட்டால் பலருக்கும் சட்டென்று பதில் வராது. அவர் ஜான் டோஷாக். லிவர்பூல் ரசிகர்கள் அவரை ஆட்டக்காரராக அறிவார்கள், ஸ்பெயின்காரர்கள் மேலாளராக அறிவார்கள், ஸ்வான்சிக்காரர்களுக்கோ அவர் ஒரு காலகட்டத்தின் பெயர். இந்த மூன்று கதைகளையும் சேர்த்துச் சொல்லும் பக்கம் தமிழில் இல்லையே என்ற குறையில் எழுதியது இது.

யார் இந்த டோஷாக்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1949 மார்ச் 22 அன்று வேல்ஸின் கார்டிஃப் நகரில் பிறந்தவர். ஆறடிக்கு மேல் உயரம், தலையால் பந்தை ஆளும் ஸ்டிரைக்கர், அதாவது கோல் அடிப்பதே வேலையான முன்வரிசை ஆட்டக்காரர். கார்டிஃப் சிட்டி, லிவர்பூல், ஸ்வான்சி சிட்டி அணிகளுக்கு ஆடினார். 28 வயதில் மேலாளரானவர், அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் நாடு நாடாகச் சுற்றி அந்த வேலையையே செய்தார். ரியல் மாட்ரிட்டுக்கு மட்டும் இரண்டு முறை.

மேலாளர் என்றால் பயிற்சியாளர்தானே?

பிரிட்டனில் அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய பொறுப்பு. பயிற்சி கொடுப்பது மட்டும் இல்லை. யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை ஆட வைப்பது எல்லாம் ஒரே ஆள் கையில்தான். டோஷாக் ஸ்வான்சியில் தொடங்கியபோது இவற்றோடு சேர்த்து அவரே ஆடவும் செய்தார்.

கார்டிஃபில் எப்படித் தொடங்கினார்?

1965 நவம்பரில், லேட்டன் ஓரியன்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். வயது 16. இறங்கிய முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல். கார்டிஃபுக்கு ஆடியவர்களிலேயே மிக இளையவர் என்ற பெயர் அன்று அவருக்கு வந்தது. அது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. அதை உடைத்தவர் யார் என்பதைக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

அந்தக் கார்டிஃப் இரண்டாம் டிவிஷன் அணிதான் (அன்றைய இங்கிலாந்து லீக்கில் நான்கு டிவிஷன்கள், முதல் டிவிஷன்தான் உச்சம்). ஆனால் வேல்ஸ் கோப்பையை வென்றதால் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையில் ஆடும் வாய்ப்பு கிடைத்தது. 1968இல் அரையிறுதி வரை போனார்கள். 1970 நவம்பரில் 1,10,000 பவுண்டுக்கு டோஷாக்கை லிவர்பூலுக்கு விற்றார்கள். நான்கு மாதம் கழித்து அதே போட்டியின் காலிறுதிக்காக ரியல் மாட்ரிட் கார்டிஃபுக்கு வந்தது. கார்டிஃப் 1-0 என்று ஜெயித்தது, மாட்ரிடில் 2-0 என்று தோற்று வெளியேறியது. அந்த இரண்டாவது ஆட்டத்தில் டோஷாக் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கார்டிஃபின் பழைய ரசிகர்கள் நினைத்துப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்?

லிவர்பூலில் அவருடைய இடம் என்ன?

இன்னொரு ஸ்டிரைக்கரான கெவின் கீகன் பக்கத்தில். அதுதான் அவருடைய இடம்.

லிவர்பூல் மேலாளர் பில் ஷாங்க்லி டோஷாக்கை வாங்கிய அதே மாதத்தில் எவர்ட்டனுக்கு எதிரான உள்ளூர் மோதல். 0-2 என்று பின்தங்கி நின்ற லிவர்பூல் 3-2 என்று ஜெயித்தது, சமன் செய்த கோல் டோஷாக்கின் தலையிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டு கீகன் வந்து சேர்ந்தார். ஒருவர் நெடியவர், இன்னொருவர் குள்ளம். நீளமாக வரும் பந்தை டோஷாக் எம்பித் தட்டிவிடுவார், அது எங்கே விழும் என்று தெரிந்தவர் மாதிரி கீகன் ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டிருப்பார். கேட்க எளிமையாக இருக்கிறது. தடுக்கத்தான் யாராலும் முடியவில்லை. இருவருக்கும் பேட்மேன், ராபின் உடைகளை மாட்டிப் படம் பிடிக்கும் அளவுக்கு அந்த ஜோடிக்குப் புகழ் சேர்ந்தது.

247 ஆட்டங்கள், 96 கோல்கள். 1973, 1976, 1977 லீக் பட்டங்கள், 1974 எஃப்.ஏ. கோப்பை, 1973, 1976 யூஈஎஃப்ஏ கோப்பைகள். 1976இல் பார்சிலோனாவை அவர்கள் ஊரிலேயே 1-0 என்று வென்ற அரையிறுதியின் ஒரே கோல் டோஷாக் அடித்தது.

அந்த 1973 மழை இரவைப் பற்றி அடிக்கடி பேசுகிறார்களே, என்ன நடந்தது?

யூஈஎஃப்ஏ கோப்பை இறுதி. அன்று அது இரண்டு ஆட்டங்களாக, இரு அணிகளின் ஊரிலும் நடக்கும்; இது முதல் ஆட்டம். எதிரணி ஜெர்மனியின் பொருசியா மென்ஷன்கிளாட்பாக். ஷாங்க்லி அன்று டோஷாக்கை முதல் பதினோரு பேரில் சேர்க்கவில்லை. லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் கொட்டித் தீர்த்த மழையில் பந்து உருளவே இல்லை. 27 நிமிடத்தில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, மறுநாள் முதலிலிருந்து ஆடலாம் என்று முடிவானது.

வேறு யாராக இருந்தாலும் அதே அணியை மறுநாளும் அனுப்பியிருப்பார்கள். ஷாங்க்லி அந்த 27 நிமிடத்தில் ஒன்றைக் கவனித்துவிட்டார்: ஜெர்மன் தடுப்பாட்டக்காரர்கள் உயரப் பந்துக்குத் தடுமாறுகிறார்கள். மறுநாள் பிரையன் ஹால் வெளியே, டோஷாக் உள்ளே. டோஷாக் தலையால் தள்ளிக் கொடுக்க, கீகன் இரண்டு கோல். லாரி லாய்ட் ஒன்று. 3-0. ஜெர்மனியில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் லிவர்பூல் 2-0 என்று தோற்றது, ஆனாலும் மொத்தத்தில் 3-2 என்று கோப்பை கைக்கு வந்தது. ஆன்ஃபீல்டில் லிவர்பூல் கோல்கீப்பர் ரே கிளெமன்ஸ் ஒரு பெனால்டியைத் தடுத்திருந்தார், அதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கோல் விழுந்திருந்தால் கணக்கே வேறு.

எதிராளியைப் பார், பிறகு உன் அணியை முடிவு செய். இந்தப் பாடத்தை டோஷாக் அந்த இரவில்தான் கற்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பின்னாளில் மேலாளராக அவர் செய்ததில் பாதி இதுதான்.

டோஷாக், கீகன் இருவருக்கும் மனம் படிக்கும் சக்தி இருந்ததாகச் சொல்வது உண்மையா?

தொலைக்காட்சியில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒருவர் அட்டையைப் பார்த்து நினைக்க வேண்டும், மற்றவர் சொல்ல வேண்டும். டோஷாக் சரியாகச் சொல்லி அசத்தினார். அட்டையின் பிம்பம் கேமரா லென்ஸில் தெரிந்ததைப் பார்த்துத்தான் சொன்னேன் என்று பிற்பாடு அவரே உடைத்துவிட்டார்.

வேல்ஸுக்காக எப்படி ஆடினார்?

40 ஆட்டங்கள், பத்துக்கு மேல் கோல்கள். 1979 மே மாதம் கார்டிஃபில் ஸ்காட்லாந்துக்கு எதிராக மூன்று கோலையும் அவரே அடித்து 3-0 என்று வென்றது உச்சம். அதே ஸ்காட்லாந்திடம் 1977 அக்டோபரில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் தோற்றதுதான் ஆறாத காயம். வேல்ஸின் ‘சொந்த’ ஆட்டத்தை ஆன்ஃபீல்டில் நடத்தினார்கள், அரங்கம் முழுக்க ஸ்காட்லாந்துக்காரர்கள். கோல் இல்லாமல் இருந்த நேரத்தில் டோஷாக் தூக்கி அடித்த பந்தைக் கோல்கீப்பர் ஆலன் ரஃப் விரல் நுனியால் கம்பத்தில் தள்ளிவிட்டார். பிறகு கையில் பட்ட பந்து, யார் கை என்று இன்றும் முடியாத சண்டை, ஸ்காட்லாந்துக்குப் பெனால்டி. 2-0.

28 வயதில் மேலாளர் பதவி எப்படிக் கிடைத்தது?

காயங்கள் விடவில்லை. 1977இல் இன்னொரு முன்வரிசை ஆட்டக்காரரான கென்னி டால்கிலிஷும் லிவர்பூலுக்கு வந்துவிட்டார். நான்காம் டிவிஷனில் இருந்த ஸ்வான்சி கூப்பிட்டது. 1978 மார்ச் 1, வேல்ஸின் புனித டேவிட் திருநாளில், ஆட்டக்காரரும் மேலாளருமாகப் பொறுப்பேற்றார். அப்போது இங்கிலாந்து லீக்கிலேயே மிக இளைய மேலாளர்.

இங்கே ஹாரி கிரிஃபித்ஸ் பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. அந்த அணியைக் கட்டியவர் அவர். ஆலன் கர்ட்டிஸ், ராபி ஜேம்ஸ், ஜெரமி சார்ல்ஸ் என்று உள்ளூர்ப் பையன்களை ஆளாக்கிவிட்டு, டோஷாக்குக்கு இடம் கொடுத்து உதவியாளராக இறங்கி வந்தவர். ஏப்ரல் 25 அன்று, மேல் டிவிஷனுக்கு ஏறுவதற்குச் சில நாள்களே இருக்கும்போது, ஆட்டம் தொடங்கும் முன் ஸ்வான்சியின் வெட்ச் ஃபீல்ட் மைதானத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். அவர் கட்டிய அணி மேலே ஏறியதை அவர் பார்க்கவில்லை.

நான்காம் டிவிஷனிலிருந்து முதல் டிவிஷனுக்கு, நிஜமாகவே நான்கே சீசனிலா?

ஆமாம். 1978இல் மூன்றாம் டிவிஷன், 1979இல் இரண்டாம் டிவிஷன், 1981இல் முதல் டிவிஷன். 1979இல் செஸ்டர்ஃபீல்டுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராகத் தன்னையே இறக்கிக்கொண்டு, தலையால் முட்டி வெற்றிக் கோல் அடித்தார் மேலாளர். லிவர்பூலிலிருந்து டாமி ஸ்மித், இயன் கேலஹன் போன்ற மூத்தவர்களை அழைத்து வந்தார். யுகோஸ்லாவியாவிலிருந்து அன்டே ராய்கோவிச்சைக் கொண்டுவந்து, தடுப்பு வரிசைக்குப் பின்னால் தனியாக நிற்கும் ‘ஸ்வீப்பர்’ ஆக்கினார். அன்றைய இங்கிலாந்தில் அப்படி ஆடும் அணிகள் அபூர்வம்.

1981 மே 2, பிரஸ்டன் மைதானத்தில் 3-1. ஸ்வான்சி தன் வரலாற்றில் முதல்முறையாக முதல் டிவிஷனுக்குப் போனது. ஆகஸ்ட் 29 அன்று அங்கே முதல் ஆட்டம், லீட்ஸ் யுனைடெட் வெட்ச் ஃபீல்டுக்கு வந்தது. இடைவேளையில் 1-1. பிறகு பாப் லாட்ச்ஃபோர்ட் மூன்று கோலை மளமளவென்று அடித்தார். ஐந்தாவது கோல் ஆலன் கர்ட்டிஸ் அடித்தது. இரண்டு வருடம் முன்பு ஸ்வான்சி இதே லீட்ஸுக்குத்தான் அவரை விற்றிருந்தது, திரும்பவும் வாங்கி வந்திருந்தார்கள். 5-1. அந்த சீசனில் மார்ச் மாதத்தில்கூடப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார்கள். முடிவில் ஆறாம் இடம். எந்தச் சின்ன ஊர் அணிக்கும் இது சொல்லி மாளாத சீசன்.

ஷாங்க்லிக்காகச் சட்டை மாற்றிய சம்பவம் என்ன?

ஷாங்க்லி 1981 செப்டம்பர் 29 அன்று இறந்தார். அடுத்த சனிக்கிழமை, அக்டோபர் 3, லிவர்பூலின் ஆட்டம் ஆன்ஃபீல்டில்தான். எதிரணி டோஷாக்கின் ஸ்வான்சி.

இரு அணிகளும் நடுவட்டத்தில் வரிசையாக நின்றன. மௌன அஞ்சலி தொடங்கும்போது டோஷாக் தன் ஸ்வான்சி மேலங்கியைக் கழற்றினார். உள்ளே லிவர்பூலின் சிவப்புச் சட்டை. தன்னை வாங்கி, வளர்த்து, அந்த 1973 இரவில் நம்பி இறக்கியவருக்காக அதை உள்ளே போட்டுக்கொண்டு வந்திருந்தார். எதிரணி மேலாளர் இப்படிச் செய்யலாமா என்று ஸ்வான்சி ரசிகர்கள் சிலருக்கு வருத்தம். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. செத்துப்போன ஆசானுக்கு முன்னால் யாரும் எதிரணி இல்லை. ஆட்டம் 2-2 என்று முடிந்தது.

அப்புறம் ஏன் ஸ்வான்சி சரிந்தது?

காசு. பெரிய டிவிஷனில் நிற்க ஆள் வாங்கினார்கள், வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது, முக்கியமானவர்களுக்குக் காயம் வேறு. 1983இல் கீழே இறங்கினார்கள். டோஷாக் அக்டோபரில் விலகினார், டிசம்பரில் திரும்பி வந்தார், 1984 மார்ச்சில் நீக்கப்பட்டார். 1985 டிசம்பரில் சங்கத்தையே கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது, மயிரிழையில்தான் தப்பித்தது. 1986இல் மறுபடி நான்காம் டிவிஷன். ஏறியது அவரால் என்றால் இறங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. செலவுக்கு ‘சரி’ சொன்னவர்களில் அவரும் ஒருவர்தானே.

ஸ்பெயினில் அவருக்கு ஏன் அவ்வளவு மரியாதை?

லிஸ்பனின் ஸ்போர்ட்டிங்கில் ஒரு வருடம் இருந்துவிட்டு, 1985இல் சான் செபாஸ்டியன் நகரின் ரியல் சோசியடாடுக்குப் போனார். அன்று அந்த அணியில் பாஸ்க் பகுதிப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம். உலகம் முழுக்க ஆள் தேடும் அணிகளோடு ஒரு சின்ன மாகாணத்துப் பையன்களை வைத்துக்கொண்டு மோத வேண்டும். 1987 ஜூனில் ஸரகோசாவில் ஸ்பெயின் அரசர் கோப்பை இறுதி. அட்லெடிகோ மாட்ரிட்டுடன் 2-2, பிறகு பெனால்டி மோதல். கேப்டனும் கோல்கீப்பருமான லூயிஸ் அர்கோனாடா தடுத்தார், கோப்பை வந்தது. மறுவருடம் லீக்கில் இரண்டாம் இடம், அரசர் கோப்பையிலும் இறுதி வரை.

1988இல் பகேரோ, பெகிரிஸ்டைன், லோபெஸ் ரெகார்டே மூவரையும் பார்சிலோனா அள்ளிக்கொண்டு போனது. யோஹான் கிரைஃப் கட்டிய அந்தப் புகழ்பெற்ற பார்சிலோனாவில் முதல் இருவரும் தூண்கள். டோஷாக் வாழ்க்கையில் இது திரும்பத் திரும்ப வரும்: இவர் பக்குவமாக்குவார், பந்தி வேறு எங்கோ நடக்கும்.

சோசியடாடுக்கு மொத்தம் மூன்று முறை மேலாளராக இருந்தார். மூன்றாவது முறை, 2001 ஜனவரியில் வந்தபோது அணி கடைசி இடத்தில் கிடந்தது. அய்பார் அணிக்கு இரவல் போயிருந்த 19 வயதுப் பையன் ஒருவனைத் திரும்பக் கூப்பிட்டு அவனையே கேப்டன் ஆக்கினார். அணி தப்பித்தது. பையன் பெயர் சாபி அலோன்சோ.

ரியல் மாட்ரிடில் அவர் படைத்த சாதனை என்ன?

1989-90 சீசனில் 38 ஆட்டங்களில் 107 கோல்கள். 26 வெற்றி, 10 சமன், இரண்டே தோல்வி. இந்த 107ஐ 2011-12இல் மொரினியோவின் ரியல் மாட்ரிட்தான் தாண்டியது. ஹியூகோ சான்செஸ் மட்டும் 38 கோல் அடித்து, ஸாரா பல ஆண்டுகளாக வைத்திருந்த சாதனையைச் சமன் செய்தார். அந்த 38ஐயும் ஒரே தொடுதலில் அடித்தார் என்பார்கள். பந்தை நிறுத்துவது, திரும்புவது எதுவும் கிடையாது, வந்த வேகத்திலேயே வலைக்குள். புத்ரகேன்யோ, மிச்செல், மார்ட்டின் வாஸ்கெஸ் பின்னால் இருந்து ஊட்டிக்கொண்டே இருந்தார்கள்.

ஆனால் ஐரோப்பியக் கோப்பையில் ஏ.சி. மிலானிடம் தோற்று சீக்கிரமே வெளியேறினார்கள். அரசர் கோப்பை இறுதியில் பார்சிலோனாவிடம் தோல்வி. மாட்ரிடில் அது மன்னிக்க முடியாத குற்றம். 1990 நவம்பரில் வேலை போனது. 107 கோல் அடித்த லீக் பட்டத்துக்கு ஆறு மாதம்தான் மதிப்பு இருந்திருக்கிறது!

பன்றி பறக்கும் கதை என்ன?

1999 பிப்ரவரியில் ரியல் மாட்ரிட் மீண்டும் அழைத்தது. நவம்பரில், தன் ஆட்டக்காரர்களைப் பத்திரிகையில் குறை சொன்னதைத் திரும்பப் பெறும்படி நிர்வாகம் கேட்டது. நான் அதை வாபஸ் வாங்குவதைவிட (ரியல் மாட்ரிட்டின்) பெர்னபேயு மைதானத்துக்கு மேல் பன்றி பறப்பதைப் பார்க்க வாய்ப்பு அதிகம் என்றார். நம் ஊரில் ‘காக்கா வெள்ளையாகப் பறந்தால்’ என்போமே, அந்த மாதிரி. தன் ஊர்ச் சொலவடைகளை அப்படியே ஸ்பானிஷில் போட்டுப் பேசுவது அவர் பழக்கம். ஸ்பெயின்காரர்கள் அதற்காகவே அவர் பேட்டிகளைக் காத்திருந்து கேட்பார்கள். அன்று அது வேலையைப் பறித்துவிட்டது.

அவருக்குப் பதில் வந்த விசென்டே டெல் போஸ்கே 2000 மே மாதத்தில் சாம்பியன்ஸ் லீக் பட்டத்தை வென்றார். அந்த இறுதியில் கோல் காத்தவர் 19 வயது இகர் கசியாஸ். அதற்கு எட்டு மாதம் முன்பு, 1999 செப்டம்பர் 12 அன்று பில்பாவோவில், கசியாஸை முதன்முதலில் இறக்கியது டோஷாக்.

‘அதே பதினோரு பேர்’ என்று அவர் சொன்னதாக ஒன்று சுற்றுகிறதே?

அவர் சொன்னதுதான். தோற்ற மறுநாள் பத்துப் பேரை மாற்ற வேண்டும் என்று தோன்றும், வாரம் நகர நகர அது ஏழு, நான்கு, இரண்டு என்று குறையும், சனிக்கிழமை வந்தால் அதே பதினோரு பேர்தான் ஆட வேண்டும் என்று புரியும். இதுதான் சாரம். அந்தப் பதினோரு பேருக்கு அவர் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

வேல்ஸ் அணிக்கு ஒரே ஒரு ஆட்டம் மட்டும் மேலாளராக இருந்தாராமே?

1994இல். முந்தைய மேலாளர் டெர்ரி யோரத்தை வேல்ஸ் சங்கம் விட்டுவிட்டதில் ரசிகர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். மார்ச் 9, கார்டிஃப், நார்வேயிடம் 3-1 தோல்வி. கூட்டம் யோரத் பெயரைச் சொல்லிக் கத்தியது. சில நாளில் டோஷாக் விலகிவிட்டார்.

2004இல் திரும்பி வந்தபோது என்ன செய்தார்?

இந்தப் பக்கத்தை எழுதக் காரணமே இந்தக் கேள்விதான்.

முடிவுகளை மட்டும் பார்த்தால் ஆறு ஆண்டுகளில் ஒரு பெரிய போட்டிக்கும் வேல்ஸ் தகுதி பெறவில்லை. மூத்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள், சிலரோடு நேரடியாகவே முட்டிக்கொண்டார். காலி இடங்களில் பள்ளி முடிக்காத வயதுப் பையன்களை நிரப்பினார். 21 வயதுக்கு உட்பட்டோர் அணியை பிரையன் ஃப்ளின்னிடம் கொடுத்து, தேறியவர்களை உடனுக்குடன் மேலே எடுத்தார். 2006 மே 27 அன்று ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில், டிரினிடாட் டொபாகோவுக்கு எதிராக கேரத் பேல் இறங்கினார். வயது 16. அன்றைய வெற்றிக் கோலுக்குப் பந்து கொடுத்ததும் அவர்தான். ஆறு மாதம் கூட ஆகாமல் ஸ்லோவாக்கியாவிடம் சொந்த ஊரில் 5-1 என்று அடி வாங்கினார்கள், அதில் வேல்ஸின் ஒரே கோல் பேல் அடித்தது. பத்திரிகைகள் கிழித்தன. டோஷாக் பையன்களை வெளியே எடுக்கவில்லை.

2010 செப்டம்பரில் மான்டெனெக்ரோவிடம் தோற்றதும் பதவி விலகினார். பிறகு கேரி ஸ்பீட் வந்தார், அணி தழைக்கத் தொடங்கியது, 2011 நவம்பரில் அவர் அகாலமாக இறந்தார். கிறிஸ் கோல்மன் பொறுப்பேற்றார். 2016 யூரோவில் வேல்ஸ் பெல்ஜியத்தை 3-1 என்று வீழ்த்தி அரையிறுதிக்குப் போனது. அன்று ஆட்டத்தைத் தொடங்கிய பதினோரு பேரை எண்ணிப் பாருங்கள். ஹென்னெஸி, கன்டர், ஆஷ்லி வில்லியம்ஸ், நீல் டெய்லர், ஜோ ஆலன், லெட்லி, ராம்சி, ராப்சன்-கானு, பேல். ஒன்பது பேருக்கு முதல் வாய்ப்பு கொடுத்தவர் டோஷாக்.

வேறு எங்கெல்லாம் வேலை பார்த்தார்?

டெபோர்டிவோ லா கொருன்யா (1995இல் ரியல் மாட்ரிட்டை வென்று ஸ்பானிஷ் சூப்பர் கோப்பை), துருக்கியின் பெசிக்டாஸ் (1998இல் துருக்கிக் கோப்பை), பிரான்சின் செயின்ட் எட்டியென், இத்தாலியின் கட்டானியா, மாசிடோனியா தேசிய அணி, அஸர்பைஜான், மொராக்கோ, ஈரான். மொராக்கோவில் வைடாட் கசப்லாங்கா அணிக்கு 2015இல் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தபோது வயது 66.

கார்டிஃபின் மிக இளைய ஆட்டக்காரர் சாதனையை உடைத்தவர் யார்?

ஆரன் ராம்சி, 2007 ஏப்ரலில். அடுத்த ஆண்டு நவம்பரில் டென்மார்க்கில் நடந்த ஆட்டத்தில், தன் சாதனையை உடைத்த அந்தப் பையனுக்கு வேல்ஸ் சட்டையைக் கொடுத்து இறக்கினார் டோஷாக். ராம்சிக்கு அப்போது 17 வயது. வேல்ஸ் 1-0 என்று வென்றது. அந்த ஒரே கோலை அடித்த கிரெய்க் பெல்லாமி 2024 ஜூலையில் வேல்ஸின் மேலாளரானார்.